எம்பிரஸ் ஹொட்டலைப் பழமையாக்கிய வரலாறு

ரோமாபுரி பழமையடைய இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. மட்டக்களப்பு எம்பிரஸ் ஹொட்டலை நாங்கள் ஒரே மாரிகாலத்தில் பழமையாக்கினோம். இந்தச் சாதனையை உலகம் இன்னும் கவனிக்கவில்லை. கவனிக்கும் என்று காத்திருந்து அலுத்துப்போய், மரபுரிமைப் பாதுகாப்புச் சபையின் செயலாளர் என்ற முறையில், சிறில் ஆகிய நானே இதை எழுத வேண்டியதாயிற்று.

சபையில் நாங்கள் நான்கு பேர். தலைவர் வினாயகமூர்த்தி ஐயா ஓய்வுபெற்ற அதிபர். ஒலிவாங்கியிடமிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சுதாகரன் பொறியியலாளர். கம்சாயினி கொழும்பில் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய் 'மரபுரிமை ஆலோசகர்' ஆகித் திரும்பிய பிள்ளை. மிச்சம் நான். நூலக நண்பர்கள் வட்டம், நுளம்பு ஒழிப்புக் குழு, மரண உதவிச் சங்கம் என்று எதை எடுத்தாலும் அதிலும் நாங்கள்தான். ஊரில் வேறு ஆட்களே இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது.

புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி நின்ற எம்பிரஸ் ஹொட்டலை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவர் அதன் சொந்தக்காரி செசீலியா அக்காவின் பூட்டன். ஒரு கவர்னர் அங்கே மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். மழை சட்டென்று விட்டுவிட்டது. ஆனாலும் சபை அதை 'தங்கினார்' என்றே ஏற்றுக்கொண்டது. அறுபது தாண்டிய அக்கா அங்கேயே பிறந்து, அங்கேயே சமைத்து, அதை நம்பியே சீவித்தவர். கல்லடிப் பக்கம் புதிய ஹொட்டல்கள் முளைத்தபின் அவரிடம் ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. வாசலில் ஒரு மரபுரிமைத் தகடு இருந்தால் வெளிநாட்டுக்காரர் தேடி வருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தகடு கிடைக்காவிட்டால் ஹொட்டலை மூடவேண்டியதுதான் என்று எங்களிடம் வந்து கண் கலங்கினார். எங்களுக்கும் கலங்கியது. சபை தொடங்கியதிலிருந்து எங்களை ஒருவர் தேடி வந்தது அதுவே முதல் தடவை.

சபை நேரில் சென்று பார்வையிட்டது. முதலில் இறால் பொரியலைப் பார்வையிட்டோம். பிறகு தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த ஓடு எந்தக் காலத்து?"

"அது எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் பிறகு போட்டது ஐயா. பழைய ஓடெல்லாம் பறந்து வாவிக்குள்ள போயிற்று."

"கதவு?"

"பழைய கதவச் சண்டப் பிரச்சின நேரம் ஆரோ பங்கருக்கெண்டு கழட்டிக்கொண்டு போயிட்டாங்க. இது ஏறாவூர்ல செய்விச்சது."

"நிலம்?"

"வெள்ளத்தில வெடிச்சிட்டு. புதுசாப் பதிச்சிரிக்கன். வழுக்காது, பயப்பிடாம நடங்க."

"சுவராவது?"

"சுவர் பூட்டன்ட சுவர்தான்!" அக்கா பெருமையோடு தட்டிக் காட்டினார். "ஒவ்வொரு நத்தாருக்கும் பெயின்ற் அடிப்பன். எங்கயாவது ஒரு கீறல் காட்டுங்க பாப்பம்."

தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. சபை கவலையில் ஆழ்ந்தது. ஒரு கட்டடத்தை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தால் அது எந்தக் காலத்தில் பழசாகும்? தன் குடும்ப வரலாற்றைத் தானே பெயின்ற் அடித்து அழித்துவிட்டாரே என்று தலைவர் பெருமூச்சு விட்டார்.

"யோசிக்காதிங்க ஐயா," என்றாள் கம்சாயினி. "பழமையக் கொண்டு வரலாம்."

கொண்டு வந்தோம். முதலில் பெரிய வாளிகளில் சாயத் தேத்தண்ணி வைத்து வெளிச்சுவர் முழுக்க அடித்தோம். ஒரு வாளியில் பழக்கதோஷத்தில் சீனி விழுந்துவிட்டதால் வடக்குச் சுவருக்கு எறும்பு வந்தது. அதுவும் பழமையின் அறிகுறியே என்று ஏற்கப்பட்டது. அடுத்து, சுதாகரன் சுத்தியலால் வெடிப்புகளை உண்டாக்கினார். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று படம் கீறி வைத்துக்கொண்டே அடித்தார். படித்தவர் படித்தவர்தான். பல்கனிக்கு மேலேயிருந்த நல்ல வெடிப்பாகப் பார்த்து கம்சாயினி இரண்டு ஆலங்கன்றுகளை நட்டாள். ஆல் முளைக்காத பழைய கட்டடம் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்பது அவளுடைய 'ஆய்வு முடிவு'.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மனே சிறில், இது உடைஞ்சி கிடைஞ்சி போகாதா?"

"உடைஞ்சாத்தான் அக்கா மரபுரிமை."

"அப்ப அந்த ஆலங்கண்ட என்ன செய்யிற?"

"ரெண்டு நேரமும் தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார். ஏணி வைத்து ஏறி ஊற்றினார். எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மாரியும் தன் பங்குக்கு ஊற்றியது. தை பிறந்தபோது கன்றுகள் செழித்து, வெடிப்புகள் அகன்று, பல்கனி வாவியை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் சபை கூடி, 'மிகச் சிறந்த பழமை' என்று ஏகமனதாகச் சான்றளித்தது. முகப்பிலிருந்த வெடிப்பை சுதாகரன் தடவிப் பார்த்து, "அருமையான வெடிப்பு" என்று பாராட்டினார். தகட்டுக்கு ஆணி அடித்தபோது ஒரு ஜன்னல் விழுந்தது. ஆளில்லாத பக்கமாக விழுந்தபடியால் அது சபையின் தொலைநோக்கு எனப் பதியப்பட்டது.

அன்று பின்னேரம் அபாயக் கட்டடங்கள் குழு கூடியது. அதுவும் நாங்கள்தான். கதிரைகளை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எம்பிரஸ் ஹொட்டலின் படங்களைப் பார்த்து சுதாகரன் நடுங்கிப்போனார்.

"ஐயோ, இதென்ன வெடிப்பு! இண்டைக்கோ நாளைக்கோ விழப்போகுது. உடன இடிக்கோணும்."

"காலையில நீங்கதானே அருமையான வெடிப்பு எண்டீங்க?" என்று கேட்டேன்.

"அது அந்தக் குழு. இது இந்தக் குழு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதிங்க சிறில்."

நான் சும்மா இருக்கவில்லை. மரபுரிமைச் சபையின் செயலாளர் என்ற முறையில், இடிப்பதை வன்மையாக ஆட்சேபித்து அபாயக் குழுவின் செயலாளருக்கு அப்போதே கடிதம் எழுதினேன். அபாயக் குழுவின் செயலாளரும் நானே. கடிதத்தை வாசித்தபோது உண்மையிலேயே நெஞ்சு உருகிவிட்டது. ஆனால் ஆட்சேபனை தெரிவிப்பதற்கான காலம் அன்று மத்தியானத்தோடு முடிந்திருந்தது. சட்டம் சட்டந்தானே. வருத்தத்துடன் நிராகரித்து எனக்குப் பதில் போட்டேன். பதில் மிகவும் மரியாதையாக எழுதப்பட்டிருந்ததால் எனக்கு அவ்வளவாகக் கோபம் வரவில்லை.

அடுத்த கிழமை கட்டடம் இடிக்கும் பெக்கோ இயந்திரம் வந்தது. செசீலியா அக்கா தண்ணீர் வாளியும் கையுமாக அதன் முன்னால் போய் நின்றார்.

"இடிக்காதிங்க ஐயா! வெடிப்பெல்லாம் நான் பூசுறன். பெயின்றும் அடிக்கிறன். ரெண்டு கிழமை மட்டும் தாங்க!"

மரபுரிமைக் கட்டடத்தில் அனுமதியின்றிப் பெயின்ற் அடிப்பது குற்றம் என்பதைத் தலைவர் அவருக்குக் கனிவாக விளக்கினார். பின்னேரத்துக்குள் எம்பிரஸ் ஹொட்டல் தரைமட்டமாகிவிட்டது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. தகட்டை மட்டும் கழற்றி ஒரு கம்பத்தில் பொருத்தி, அதே இடத்தில் நட்டுவிட்டோம். அக்கா சொன்னது சரிதான். தகட்டைத் தேடி வெளிநாட்டுக்காரர் இருவர் வந்தார்கள். கம்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, எங்கே தங்கலாம் என்று கேட்டார்கள். கல்லடிக்கு அனுப்பிவைத்தோம்.

அக்கா களுவாஞ்சிக்குடியில் தங்கை வீட்டோடு போய் ஒதுங்கினார். ஊரில் முணுமுணுப்புக் கிளம்பியது. ஹொட்டலின் அழிவுக்குக் காரணமானவர்களைக் கண்டுபிடிக்க 'பக்கச்சார்பற்ற' விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. இந்த விடயத்தில் ஆரம்பம் முதல் அனுபவமுள்ளவர்கள் தேவைப்பட்டதால் மறுக்க முடியவில்லை. சாட்சி சொல்ல அக்காவை அழைத்திருந்தோம். அவர் கூட்ட அறையின் வாசலில் நின்று எங்களையும் வெறும் சுவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விசாரணைக் குழு எங்க இரிக்கு?"

"இஞ்சதான் அக்கா. வந்து இரிங்க," என்றார் தலைவர். "ஆருக்கும் பயப்பிடாமச் சொல்லுங்க. உங்கட ஹொட்டல அழிச்ச ஆக்கள் ஆரெண்டு தெரியுமா?"

அக்கா உட்காரவில்லை. விரலை நீட்டி, ஆளாளாகச் சுட்டி, ஆறுதலாகச் சொன்னார்.

"வினாயகமூர்த்தி. சுதாகரன். கம்சாயினி."

என் பக்கம் விரல் வந்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "சிறில்" என்றார்.

நான்கு பெயர்களையும் எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொண்டேன். கூட்ட அறிக்கையில் அவை 'கூட்டத்துக்குச் சமுகமளித்தோர்' என்ற தலைப்பின் கீழ் உள்ளன.