மயிலை டேமேஜ், உன் அக்காள் சிம்பிள்

கொடும்பாளூர்,
1956, பங்குனி.

திண்டுக்கல்லில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் மைத்துனன் சிரஞ்சீவி ரெங்கசாமிக்கு, உன் மச்சான் பழனிச்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காள் அமிர்தவல்லியும் செவலை மாடும் சௌக்கியம். மயிலை மாட்டைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுப் பரீட்சை நேரத்தில் நீ பதறிப் புறப்பட்டு வர வேண்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தை மாதக் கடைசியில் விராலிமலைச் சந்தைக்குக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு போனோம். நான் வண்டி ஓட்ட, உன் அக்காள் மூட்டை மேல் உட்கார்ந்து, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அது வழக்கம்தான். மூவர் கோயில் விலக்கைத் தாண்டியதும் பின்னால் வந்த லாரி ஒன்று எங்களை முந்தப் பார்த்தது. எதிரே பஸ் வந்துவிட்டதால் சட்டென்று எங்கள் பக்கம் ஒடித்து இடித்துவிட்டது. வண்டி சாய்ந்தது, சக்கரம் கழன்றது, கடலை ரோடெல்லாம் கொட்டியது, உன் அக்காள் வலது கையை ஊன்றி விழுந்தாள், செவலை எழுந்து நின்றது, மயிலை எழுந்திருக்கவில்லை. நீ முதல் சம்பளத்தில் வாங்கி, கயிற்றை உன் கையாலேயே அக்காளிடம் கொடுத்துவிட்டுப் போன அதே மயிலைதான் மாப்பிள்ளை. பின்னங்கால் இரண்டாக முறிந்திருந்தது. லாரி டிரைவர் பெயர் அடைக்கலம், சின்ன வயசுப் பையன். ஓடிப் போயிருக்கலாம், போகவில்லை. இறங்கி வந்து மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உன் அக்காளோடு சேர்ந்து அழுதான். என்ன செய்வதென்று தெரியாமல் நான் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா எழுதிக்கொண்டார். பொம்பளைக்கு இஞ்சுரி, மாடு டேமேஜ், வண்டி டேமேஜ், கடலை டேமேஜ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மாடும் வண்டியும் எப்படிங்க ஒண்ணாகும்?" என்று கேட்டேன். "இஞ்சுரி மனுசனுக்குத்தாய்யா. மத்ததெல்லாம் சொத்து. சொத்துக்கு டேமேஜ்தான்" என்றார். உன் அக்காள் முன்னால் வந்து, "ஏங்க, சக்கரம் கத்துமாங்க? இது கத்துச்சுங்க" என்றாள். ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து டேமேஜ் என்றேதான் எழுதினார்.

அடுத்தது மாட்டு டாக்டர். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டிஸ்ட்ராய் பண்ணிடலாம்" என்றார். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவன், ஏதோ நல்ல மருந்தின் பேர் என்று நினைத்துக்கொண்டு, "அது பொடிங்களா, எண்ணெய்ங்களா? வைக்கோல் வைக்கிறதுக்கு முன்னாடி குடுக்கணுமா, பின்னாடியா?" என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்து, "ஊசி போட்டுக் கொன்னுடறதுதான் பெரியவரே" என்றார். இதை உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். உன் அக்காள் ஊசி போட விடவில்லை. வைக்கோலை அண்டக் கொடுத்து, வீங்கிய கையோடு கஞ்சி ஊட்டிக்கொண்டே பக்கத்தில் கிடந்தாள். ஒரு மத்தியானம் அதுவாகவே அடங்கிவிட்டது. குழி வெட்ட அடைக்கலம் மண்வெட்டியோடு வந்து நின்றான். "அக்கா, என்னைய ரெண்டு அடி அடிச்சிருங்கக்கா" என்றான். அவள், "மொதல்ல கஞ்சியக் குடி, அப்பறம் வெட்டு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செவலை இன்று வரை காலியான கட்டுத்தறிப் பக்கமே படுக்கிறது.

இனி கோர்ட்டு. புதுக்கோட்டையில் வக்கீல் விளக்கமாகச் சொன்னார். காயத்தில் சிம்பிள் என்று ஒன்று, கிரீவஸ் என்று ஒன்று. சிம்பிள் என்றால் டிரைவருக்கு அபராதத்தோடு போய்விடும். எலும்பு முறிந்திருந்தால் கிரீவஸ், ஜெயில்கூட உண்டு, லைசென்ஸும் போகும். ஆஸ்பத்திரி டாக்டர் எலும்பு முறிந்தது போலத்தான் தெரிகிறது, திருச்சியில் எக்ஸ்ரே போட்டோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். இவள் வக்கீல் சொன்னதையும் டாக்டர் சொன்னதையும் சேர்த்துக் கேட்டவள், அன்றோடு திருச்சிக்கு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கூண்டில் ஏறியதும் சர்க்கார் வக்கீல், "கையைத் தூக்க முடியுதாம்மா?" என்று கேட்டார். "நல்லாவே முடியுதுங்க" என்றவள் கூண்டை விட்டு இறங்கி, கோர்ட்டு மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையை அந்த வலது கையால் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. மாஜிஸ்திரேட் சிம்பிள் என்று முடித்துவிட்டார். வெளியே அடைக்கலமும் அவன் பெண்சாதியும் காலில் விழுந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கீரனூர் தாண்டுவதற்குள் இவள் வாந்தி எடுத்து மயங்கி என் மேல் சாய்ந்துவிட்டாள். கண்டக்டர் வெயில் என்றான். நானும் ஆமாம் என்றேன்.

அந்தக் கை இப்போது கோணலாகக் கூடிவிட்டது. தண்ணீர் இறைக்க முடியாது, சோறு பிசைய முடியாது. கொண்டைகூட நான்தான் போட்டுவிடுகிறேன். வண்டிக்கயிறு முடிவதுபோல் முடிகிறேனாம், பக்கத்து வீட்டுச் செங்கமலம் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். வலிக்கிறதா என்று கேட்டால் உன் அக்காள், "கோர்ட்டுலயே சிம்பிளுன்னுட்டாங்க, ஒங்களுக்கு என்ன?" என்கிறாள். அந்த அடைக்கலமோ, லாரி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நிறுத்திவிட்டு வந்து குடம் குடமாகத் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போகிறான். அவன் முகத்தில் நான் முழிப்பதில்லை, முழிக்கவும் மாட்டேன். நீ படித்தவன், இங்கிலீஷில் சிம்பிளுக்கும் கிரீவஸுக்கும் நடுவில் வேறு வார்த்தை ஏதாவது இருந்தால் தபாலில் எழுது, அது போதும். நீ வர வேண்டாம். இங்கே கவலைப்படும்படி ஒன்றுமில்லை.

குழந்தைகளுக்கு எங்கள் முத்தம். உன் வீட்டில் பிரகதாம்பாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். எல்லோரும் கை கால் சுகத்தோடு நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
பழனிச்சாமி.

பின்குறிப்பு: எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள், காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த இங்கிலீசையெல்லாம் அடிச்சுப்புடுங்க. ரொம்ப வலிக்குதுன்னு எழுதுங்க. தம்பிய வரச் சொல்லுங்க" என்றாள். விழுந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் அவள் வாயில் இந்த வார்த்தை வருகிறது. ஆகவே மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. தபாலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போகிற அடைக்கலத்திடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன், நானே கூப்பிட்டுக் கொடுக்கிறேன். போகும்போது இதை உன்னிடம் சேர்த்துவிட்டு, திரும்பும்போது உன் வாசலில் வந்து நிற்பான். பரீட்சையை வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவன் லாரியிலேயே ஏறி வா.