நாகம்மாவின் மாவுக்கட்டும் நூறு ரூபாய் வெட்டும்

முத்தாபுதுப்பேட்டை,
மார்ச் 19, வியாழக்கிழமை.

மாண்புமிகு மக்களவை உறுப்பினர், சிரஞ்சீவி கிருபாகரன் அவர்களுக்கு, தாய்மாமன் ஏகாம்பரம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உன் அத்தை நாகம்மா, பேத்தி வர்ஷா மூவரும் கடவுள் கிருபையால் சுகம். முந்தாநாள் சாயங்காலம் வரை 'உன் கிருபையால்' என்று எழுதத்தான் உத்தேசித்திருந்தேன். இனிமேல் அப்படி எழுத எனக்குக் கை வராது.

கிருபா, நான் ஆடிப்போய்விட்டேன். போன ஐப்பசி மழையில் கன்னியம்மன் நகர் ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதும், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டு நின்ற வர்ஷாவைக் கூட்டிவரப் போன உன் அத்தை வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டதும் உனக்குத் தெரியாததல்ல. நீ ஆப்பிளோடு பார்க்க வந்தாய், நாலு பேர் போட்டோ எடுக்க அவள் மாவுக்கட்டின் மேலேயே பேனாவை வைத்து, 'அடுத்த மழைக்குள் இந்தப் பாதையில் தண்ணீர் நிற்காது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாய். ஆஸ்பத்திரியில் கட்டை வெட்டி எடுத்தபோது அதைக் குப்பையில் போட விடவில்லை அவள். வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். கேட்டால், எம்.பி. கையெழுத்துப் போட்ட பத்திரம் என்கிறாள். அடுத்த ஐப்பசிக்கு இன்னும் ஏழே மாசம்தான். வர்ஷா மூன்றாம் வகுப்புதான் போகப்போகிறாள், அந்தப் பாதையை விட்டால் வேறு வழி கிடையாது. அந்தத் தண்ணீரில் இன்னொரு தரம் அவளை இறக்கிவிட எனக்கு நெஞ்சில் தைரியம் இல்லை.

இப்படி இருக்கையில், செவ்வாய்க்கிழமை ரயில்வே மானியக் கோரிக்கை மீது நீ பேசப்போவதாகச் செய்தி வந்ததும் டி.வி.யை வாசல் பக்கம் திருப்பி வைத்து, பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க் கொடுத்தேன். நீயும் நன்றாகத்தான் ஆரம்பித்தாய். நிதிப் பற்றாக்குறை என்றாய், கூட்டாட்சி என்றாய், நாம் கட்டும் ஒரு ரூபாய் வரியில் நமக்குத் திரும்பி வருவது எத்தனை காசு என்று விரலை நீட்டிக் கேட்டாய், எனக்குப் புல்லரித்துவிட்டது, என் தங்கச்சி பிள்ளை நாட்டுக்கே கணக்குக் கேட்கிறான் என்று எதிர் ஃபிளாட்டுக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன், அதற்குள் மேலே உட்கார்ந்திருந்தவர் மணி அடித்துவிட்டார், நீயும் அவசர அவசரமாக, கன்னியம்மன் நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்குவதால் ரயில்வேக்கான தொகையில் நூறு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாய். ஏண்டா கிருபா, பசிக்குது சோறு போடுன்னு கேக்கப் போனவன், அவங்க பானையிலேருந்து ஒரு பிடி அரிசிய எடுத்துக் கீழே கொட்டிட்டு வருவானா?

நம்ம வேம்புலி, அதான் சைக்கிள் கடை வேம்புலி, எல்லார் முன்னாடியும் கேட்டான்: "இன்னா அண்ணாத்தே, உன் மருமவன் டில்லிக்குப் போயி துட்டு வாங்கியாருவான்னு பாத்தா, கீற துட்டையும் வெட்டச் சொல்றான்? இதுக்கு ரோஸ்மில்க் வேற குட்த்துக்கினு கீறியே!" எனக்கு மானம் போச்சு. எதிர் ஃபிளாட்டு ஸ்வாதி, கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பொண்ணு, "அங்கிள், பதறாதீங்க, அது டோக்கன் கட். நிஜமா காசைக் குறைக்கிறதுக்கு இல்ல. அப்படிக் குடுத்தாத்தான் நம்ம ஊர்க் குறையைப் பேர் சொல்லிச் சபையில பதிவு பண்ண முடியும்" என்றாள். டோக்கனைப் பத்தி எனக்கா சொல்லணும்? பொங்கலுக்கு டோக்கன் வாங்கினவன் வரிசையில நின்னான், வாங்காதவன் கரும்போட வீட்டுக்குப் போனான். அவளோ விடாமல், வெட்டில் மூணு வகை இருக்குது, கொள்கை வெட்டுன்னு ஒண்ணு மொத்தத் தொகையையும் ஒரே ஒரு ரூபாயா ஆக்கச் சொல்லும் என்றாள் பார், மிச்சமிருந்த ரோஸ்மில்க்கை நானே எடுத்துக் குடிச்சுட்டேன். நல்லவேளை, நீ அதைப் போடலையேன்னு உன் அத்தை கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சரி, தீர்மானம் தோத்தா நிம்மதின்னு பார்த்தால், ஆதரிப்போர் 'ஆம்' என்க என்று அங்கே ஓட்டுக்கு விடுகிற நேரம் பார்த்து இங்கே மின்வெட்டு! டில்லியில் நீ வெட்டினது நம்ம ஆவடி வரைக்கும் வந்துவிட்டது என்றான் வேம்புலி. வெட்டு ஜெயிச்சுதா தோத்துதா தெரியாமல் ராப்பூரா தூங்கலை. உனக்குப் போன் பண்ணினால் உன் பி.ஏ. "ஐயா அவையில இருக்காரு" என்கிறான். ராத்திரி பதினோரு மணிக்கு என்னடா அவை?

பேக்டரி ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருஷம் சாமான் கேட்டு இன்டெண்ட் போட்டவன்டா நான். பத்து போல்ட் வேணும்னா பதினாறு கேப்போம், அப்பத்தான் மேலே அடிச்சுத் திருத்தி ஒம்பதாவது வரும். குறைச்சுக் கேட்டவன் பொழைச்சதா சரித்திரமே கிடையாது. உன்னாலே போன நூறு ரூபாய்க்காக நம்ம பாதையை அவங்க பட்டியல்லேருந்து எடுத்துட்டா நான் நாகம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அதனால நேத்து பேங்குக்குப் போய், நூறு ரூபாய்க்கு ஒரு டி.டி. கேட்டேன். யார் பேருக்கு என்று கவுண்டரில் இருந்த சபீனா கேட்டது, இந்திய அரசு என்றேன், அந்தப் பொண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்துபோய் மேனேஜரைக் கூட்டிவந்தது. கமிஷன் கேட்டார்கள், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் கேட்டார்கள். அரசாங்கத்துக்கு நான் இனாமாகக் கொடுக்கிற காசுக்கு அரசாங்கத்துக்கே வரி! பேச வேண்டியதை விட்டுவிட்டு என்னத்தையோ பேசுகிறாயே, இதை அல்லவா நீ சபையில் எழுந்து கேட்டிருக்க வேண்டும்? 'எங்கள் எம்.பி. சின்னப்பையன், தெரியாமல் குறைத்துவிட்டான், இத்துடன் நூறு ரூபாய் இணைத்துள்ளேன், வெட்டை ரத்து செய்து பாதையைக் காப்பாற்றவும்' என்று எழுதி, டி.டி.யையும் வைத்து, நிதி அமைச்சகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பியாகிவிட்டது.

ஆகவே, இனி எந்தத் தொகையையும் யாரிடமும் குறைக்கச் சொல்லாதே. அடுத்த தடவை இங்கே வரும்போது வீட்டுக்கு வராதே. அத்தை மீன்குழம்பு வைக்கமாட்டாள். டில்லி வெயில் பொல்லாதது, மோர் குடி. உன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். ஆயுளும் ஆரோக்கியமும் குறைவில்லாமல், நூறு ரூபாய்கூடக் குறைவில்லாமல், உனக்குப் பெருகட்டும்.

இப்படிக்கு, மனம் நொந்த மாமன்,
ஏகாம்பரம்.

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கும்போதே வேம்புலி மூச்சுவாங்க ஓடிவந்தான். "அண்ணாத்தே, சுரங்கப்பாதையாண்ட நாலு பேரு டேப்பு வெச்சி அளந்துகினு கீறாங்க! உன் மருமவன் வெட்டினானாமே, அதுக்குப் பதில் சொல்லணும்னு மேல்லேர்ந்து ஆர்டராம், பம்பு ரூமு கட்டப்போறாங்களாம்!" நானும் ஓடினேன். நிஜம்தான்டா கண்ணு. உன் அத்தை பீரோவிலிருந்து மாவுக்கட்டைத் தூக்கிவந்து, உன் கையெழுத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் அந்த இன்ஜினியரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டாள். மேலே எழுதியதில் ஆசீர்வாதம் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடு. மீன்குழம்பு உண்டு.

ஆனால் கிருபா, என் டி.டி. நேற்றே கிளம்பிவிட்டதே! அது போய்ச் சேர்ந்து, நூறு ரூபாய் சரியாகி, வெட்டு ரத்தானால் இவர்கள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்களே! ஸ்வாதியிடம் சொல்லி இந்தக் கடிதத்தைப் போட்டோ பிடித்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பார்த்ததும் அமைச்சக வாசலில் போய் நின்று தபால்காரரை மடக்கு. அவர் உன்னைத் தாண்டிப் போய்விட்டால் யோசிக்காதே, மணி அடித்தாலும் உட்காராதே, நாளைக்கே எழுந்து இருநூறாக வெட்டிவிடு.