லேசு ஃபோர்மனும் எஸ்டேட் லாரியும்

பூமியில் உள்ள எல்லாப் பொருள்களும் தேவைக்கு மேல் கனமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்று நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, லேசு ஃபோர்மன்தான். அவருடைய சொந்த உடம்பு மட்டும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பட்டறை வாசலில் அவர் நின்றால் உள்ளே விளக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மலாய் நாட்டில் யோங் பெங் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் நான் சாமான் கணக்கு எழுதும் ஸ்டோர் கிராணி. என் சாமான் அறைக்கு அடுத்த கொட்டகைதான் அவர் பட்டறை. எதைப் பார்த்தாலும் “லேசா செஞ்சிருக்கலாமே” என்பார். பெற்றோர் வைத்த பெயர் நாளடைவில் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

துளை போடுவது அவர் முதல் வைத்தியம். லாரியின் பிரேக் மிதியில் துளை போட்டார். ஏறும் படியில் போட்டார். மழை நாளில் டிரைவர் அந்தோணியின் வேட்டி முழங்கால் வரை சேறானது. ஒரு திங்கட்கிழமை நான் வேலைக்கு வந்தபோது என் நாற்காலியின் இரும்புக் கால்கள் புல்லாங்குழல் மாதிரி இருந்தன.

“என்ன ஃபோர்மன் இது?”

“தூக்கிப் பாருங்க கிராணியாரே. பூ மாதிரி இருக்கா?”

“நான் இதத் தூக்கவா வச்சிருக்கேன்? உக்கார வச்சிருக்கேன்.”

“உக்காருங்க. ஆனா சாயாதீங்க.”

இந்த லேசுப் பைத்தியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. எஸ்டேட்டுக்கும் டவுனுக்கும் நடுவே ஓர் ஆறு, அதன் மேல் ஒரு மரப்பாலம். எங்கள் லாரியின், சரக்கு ஏற்றும் பின்கட்டு முழுவதும் மணிக்கட்டுத் தடிமன் இரும்பு. அது பாலத்தில் ஏறினால் பலகைகள் முனகும். ரப்பர் ஷீட்டைப் பாதி இறக்கி வைத்துவிட்டு, இரண்டு நடையாகக் கடக்க வேண்டும். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் காய்ச்சல்காரர்கள்கூட இறங்கி நடக்க வேண்டும். “சரக்கவிட வண்டி கனம். இது லாரியா, கோயில் தேரா?” என்று ஃபோர்மன் கேட்பார்.

ஒருநாள், பள்ளத்தில் கவிழ்ந்து நொறுங்கிய பழைய கார் ஒன்றை எங்கிருந்தோ இழுத்து வந்தார். மற்றவர்களுக்கு அது குப்பை. அவர் அதன் வில்பட்டைகளைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். “இது வேற சாதி எஃகு கிராணியாரே. நம்ம இரும்புல மூணு விரல் தடிமன் வேணுங்கிற இடத்துல இது ஒரு விரல் போதும். பலம் கூட இருந்தா, பாரம் எதுக்கு?”

முதல் முயற்சியாக ஓட்டுநர் இருக்கையைத் தாங்கும் சட்டத்தை அந்த எஃகில் செய்தார். செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினார். அரம் வைத்தால் அரம்தான் தேய்ந்தது. பெருமை தாங்காமல் எஸ்டேட் மேனேஜர் துரையை அழைத்து உட்காரச் சொன்னார். துரை உட்கார்ந்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அடுத்த கணம் துரையின் தொப்பி மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது.

வெள்ளைக்காரர் மெல்ல எழுந்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “ஃபோர்மன், இது இரும்பு இல்லே. இது பிஸ்கோத்து.”

அன்று ஃபோர்மன் சாப்பிடவில்லை. அது எங்களுக்கெல்லாம் கவலையாக இருந்தது. மறுநாள் தாமாகவே என் அறைக்கு வந்தார்.

“கெட்டியாக்கிட்டாப் போதும்னு நெனச்சேன். கெட்டியானது ஒடஞ்சிடுது. கொஞ்சம் எளக்கமும் குடுக்கணும்.”

பிறகு தண்ணீரை விட்டு எண்ணெயில் முக்கினார். முக்கியதை மறுபடி இளஞ்சூட்டில் வாட்டினார். ஒவ்வொரு பட்டையையும் இரண்டு கட்டைகளின் மேல் வைத்து, அதன் நடுவில் ஏறி நின்று குதிப்பார். வளைந்து நிமிர்ந்தால் லாரிக்கு, ஒடிந்தால் குப்பைக்கு. அவர் உடம்பைவிட நல்ல பரிசோதனை இயந்திரம் சிங்கப்பூரிலும் கிடைத்திருக்காது. பல மாதம் இப்படிக் குதித்து, இன்னும் பல உடைந்த வண்டிகளின் பட்டைகளையும் சேர்த்து, லாரியின் பின்கட்டு முழுவதையும் ஒல்லி எஃகில் மாற்றிவிட்டார். “வெறும் வண்டி ஆட்டுக்குட்டியாத் துள்ளுது” என்று அந்தோணி புலம்பினார். துரை மட்டும் அதில் ஏற மறுத்துவிட்டார்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஆற்று வெள்ளம் பாலத்தின் ஒரு காலை அசைத்துவிட, குறுக்கே மூங்கில் கட்டி, காவலுக்கு ஒரு மலாய்க்காரப் பெரியவரை நிறுத்தினார்கள். அப்படி ஒரு காலைப் பொழுதில்தான் என் மனைவிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வெளியே வந்து, “கொழந்தை குறுக்கால கெடக்குய்யா. என் கைக்கு அடங்காது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றாள்.

நான் பட்டறைக்கு ஓடினேன். லாரியைக் கிளப்ப வைத்தவர் ஃபோர்மன்தான். பாலத்தருகே காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

“தா போலே. லோரி பெராட்.” முடியாது, லாரி கனம் என்கிறார்.

“ரிங்கான், பாக் சிக். ரிங்கான்” என்று, பெரியவரை மாமா முறை சொல்லி, ஃபோர்மன் கெஞ்சினார். லேசு என்பதற்கான மலாய்ச் சொல்லை அவர் எப்போதோ கற்று வைத்திருந்தார். பேசிக்கொண்டே லாரியின் பின்கதவைக் கழற்றிக் காவலர் கையில் கொடுத்தார். முன்பு நான்கு பேர் பிடித்த கதவு. பெரியவர் அதை ஒற்றையாகத் தூக்கிப் பார்த்தார். இன்னொரு முறையும் தூக்கினார். உள்ளே படுத்திருந்த என் மனைவியைப் பார்த்தார். மூங்கிலை அவிழ்த்தார். பிறகு ஃபோர்மனின் வயிற்றைக் காட்டி, “அவாக் தூருன்” என்றார். நீ இறங்கு.

“நான் எறங்கித்தான் நிக்கிறேன்” என்றார் ஃபோர்மன் பணிவாக.

மாற்றுச் சக்கரம், கருவிப்பெட்டி, பின்கதவு எல்லாவற்றையும் கரையில் இறக்கினார். “அந்தாண்ட ரோடும் சேறு. நான் ஏறினா அமுங்கிடும். நீங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க” என்றார். லாரி ஊர்ந்தது. நான் பின்னால் நடந்தேன். பலகைகள் முனகின, ஆனால் தாங்கின. அக்கரையில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் மழையில் கண்களை மூடிக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தாயும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள். அதன் பிறகு துரையும் அந்த லாரியில் ஏறினார், ஆனால் ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே.

குழந்தைக்குக் காது குத்தும் நாள் வந்தது. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். என் மனைவியின் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். “மாமன் ஏன் இல்ல? பட்டறையில போய்க் கூப்பிடுங்க” என்றாள் அவள். புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார் லேசு ஃபோர்மன். ஆசாரி ஊசியை எடுத்ததுமே, குழந்தை அழுவதற்கு முன்பே அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.