ஒன்றாம் நம்பர் பைலட்

உலகத்தில் எத்தனை விமானம் பறந்தாலும் சரி, உண்மையான பைலட் ஒருவர்தான். அவர் எங்கள் பனியன் கம்பெனியின் வேன் ஓட்டுகிறார். தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. வண்டி கிளம்புமுன் ஓர் அறிவிப்பு: "பெல்ட்டு கெடையாது, எல்லாரும் கம்பியப் புடிச்சுக்கோங்க. பல்லடம் வரைக்கும் வானிலை நல்லா இருக்குதுங்க!"

அவருடைய மாமன் மகன் கோவை விமான நிலையத்தில் டிராலி தள்ளுகிறவர். அந்த உயர்மட்ட வட்டாரத்திலிருந்து கசிந்த தகவல்: பைலட்டுகளில் முதலில் சேர்ந்தவருக்கே விமானம், ரூட், லீவு எல்லாவற்றிலும் முதல் உரிமை. போதாதா? அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் ஒற்றைக் காலில் நின்று, வேன் டிரைவர்களுக்கும் சீனியாரிட்டி உண்டென்று எழுத வைத்துவிட்டார்.

அதன்பின் கம்பெனியில் தும்முவதற்கும் சீனியாரிட்டிதான். வேப்பமர நிழல் முதலில் அவர் வண்டிக்கு. டீத் தட்டில் முதல் டம்ளர் அவருக்கு. ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகப் புதிதாகச் சேர்ந்திருந்த நான் ஒருநாள் பசியில் அவருக்கு முன்னால் வடையை எடுத்துவிட்டேன்.

"கண்ணு, நீ எப்ப சேந்தே?"

"போன மாசமுங்க."

"வடைய வெச்சுரு."

வைத்துவிட்டேன்.

அவருடைய கனவெல்லாம் முதலாளி வாங்கவிருந்த ஏசி வேன்மேல். ஒப்பந்தப்படி அது ஒன்றாம் நம்பர் டிரைவருக்கு. அதற்குப் பூசுவதற்குச் சந்தனம்கூட வாங்கி வைத்திருந்தார்.

வேன் வந்த வாரமே முதலாளி பக்கத்துப் பனியன் கம்பெனியையும் வாங்கினார். அங்கிருந்து டிரைவர் மல்லிகாவும் எங்களிடம் வந்தார். பைலட் இங்கே சேருமுன்பே அங்கே வேலையில் சேர்ந்தவர்.

எங்கள் டிரைவர்கள் கொதித்தார்கள். "அந்தக் கம்பெனி சர்வீசு இங்க செல்லாதுங்க! அந்தம்மா கடைசி நம்பரு. சாமளாபுரம் போற ஓட்ட வண்டியக் குடுங்க!"

முதலாளி பைலட் பக்கம் திரும்பினார். "ஏப்பா பைலட்டு, எழுத வெச்சவன் நீதானே? சொல்லு."

பைலட் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கண் இருப்பதையே அன்றுதான் பார்த்தோம்.

"ரெண்டு ஏர்லைன்சு ஒண்ணாச் சேந்தா, பைலட்டு பறந்ததெல்லாம் இல்லைன்னு ஆயிருமுங்களா? அந்தம்மிணி ஓட்டுனதும் இதே பல்லடம் ரோடுதானுங்க. சேந்த நாள்ல இருந்து எண்ணுங்க."

"எண்ணுனா நீ ரெண்டாம் நம்பரு. ஏசி வேனு போயிருமேப்பா!"

"போகட்டுமுங்க. நாளைக்கு உங்களையே ஒருத்தரு வாங்கிப்போட்டா, எங்க சர்வீசு என்னாகுமுங்க?"

முதலாளி சாவியை மல்லிகாவிடம் நீட்டினார். அவர் வாங்கத் தயங்கினார்.

"எடுங்க கேப்டன்!" என்று ஒரு சல்யூட் அடித்துவிட்டு, வாங்கி வைத்த சந்தனத்தை அந்த வேனுக்குத் தானே பூசினார் பைலட்.

இப்போது முதல் டம்ளர் மல்லிகாவுக்கு. ஒருநாள் அவர் வரத் தாமதமானது. டீ ஆடை கட்டும்வரை பைலட் தொடவில்லை. "ஒண்ணாம் நம்பரு இன்னும் தரையெறங்கலீங்களே!"

எங்கள் தெரு வழியாக இரண்டு வேனும் வருகின்றன. ஏசி வேனில் எனக்கு ஜன்னலோர இடம் இருக்கிறது. நான் மட்டும் தினமும் பழைய வேனில் ஏறி, வியர்வையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு, வானிலை அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன்.