4472-ஆம் எண் குப்பி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, மகன், மருமகள் நால்வரும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்ற விஷயத்துக்குப் போக வேண்டும் என்பது முறை. முறைப்படி எழுதியாகிவிட்டது. நால்வரில் ஒருவரைப் பற்றிய தகவல் மட்டும் இன்னும் உறுதியாகவில்லை, கீழே வருகிறது. நீ, உன் மனைவி, உன் டிரைவிங் ஸ்கூல் கார்கள் இரண்டு, ஆக நான்கும் நலமாக ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன்.

போன மாதம் நீ இங்கே மூன்று நாள் தங்கியிருந்தபோது, இரண்டாம் நாள் காலையில் நான் உன் கையில் விரல் நீளக் குப்பி ஒன்றைக் கொடுத்ததும், "என்னண்ணே இது?" என்று நீ கேட்டதும், "மருமகளோட ஆராய்ச்சிக்குடா, கேள்வி கேக்காம போய்ட்டு வா" என்று நான் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். நீயும் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாய். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழு விவரமும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் நிருபராக இருந்தவன் பாதிச் செய்தியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பது சரியில்லை. மீதியை இப்போது தருகிறேன். உட்கார்ந்து படி.

மருமகளின் ஆய்வுக்கூடத்தில் நடப்பது வயிறு, குடல் இவற்றில் வரும் புற்றுநோயைப் பற்றிய ஆராய்ச்சி. அது எப்படி முளைக்கிறது, எவ்வளவு சீக்கிரம் பிடிக்கலாம் என்று பார்க்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் அவள் இதைப் பேசக் கூடாது என்று உன் அண்ணி தடை போட்டிருப்பதால், நான் அவளை மாடிப்படியில் மடக்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. குடலின் உள்சுவர் நாலைந்து நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறதாம். (நம் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்து ஒன்பது வருடம் ஆகிறது.) அப்படிப் புதுப்பிக்கும்போது எங்கோ ஒரு செல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் பெருகிக்கொண்டே போனால் சுவரில் சின்ன மொட்டு ஒன்று கிளம்புகிறது. எல்லா மொட்டும் கெட்டுப்போவதில்லை. கெட்டுப்போகிறதும் பெரும்பாலும் பத்து வருடம் போல எடுத்துக்கொள்கிறது. பத்து வருடம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்த ஆபத்து எதையும் நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. அந்த மொட்டு அவ்வப்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியவிடும். மலத்தில் அதைத் தேடுவது பழைய சோதனை. மொட்டிலிருந்து உதிர்ந்து இரத்தத்தில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளைத் தேடுவது இவர்கள் உருவாக்கிக்கொண்டிருக்கும் புதிய சோதனை. புதியதைப் பழையதோடு ஒப்பிட, ஐம்பதைத் தாண்டிய, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத ஆட்கள் வேண்டும் என்றாள். நான்தான் முதலில் கை தூக்கினேன்.

முதல் குப்பியைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். தண்ணீரில் விழாமல் பிடிக்க ஒரு தாளை விரித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கொடுத்த தாள் கிழிந்துவிட்டதால் அலமாரியில் இருந்த பழைய பத்திரிகை ஒன்றை எடுத்தேன். அது நான் முதல் பக்கத்தில் பெயரோடு எழுதிய செய்தி வந்த இதழ் என்று உன் அண்ணிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். "அத்தனை வருஷம் எழுதினதுக்கு இன்னைக்குத்தான் ஒரு பிரயோஜனம்" என்றாள். குச்சியால் ஆறு இடத்தில் தொட்டு, குப்பிக்குள் செருகி, மூடி, குலுக்கி, ஃப்ரிட்ஜ் கதவில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தேன். படிவத்தில் தேதி கேட்டிருந்தார்கள். நான் நேரம், இடம், சூழ்நிலை எல்லாம் சேர்த்து ஓரத்தில் ஒன்பது வரி எழுதினேன். ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "சார், தேதி மட்டும் போதும் சார், மத்தது எங்களுக்கு வேண்டாம்" என்றாள். ஃப்ரிட்ஜைத் திறந்த உன் அண்ணி, "இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். மறுநாள் குப்பி போய்விட்டது.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. இரத்தம் இருக்கிறது.

நான் பதறவில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சொன்னால் அது வதந்தி. சம்பந்தமில்லாத இன்னொருவரும் சொன்னால்தான் செய்தி. ஆகவே இரண்டாவது ஆதாரம் வேண்டும் என்று மருமகளிடம் சொன்னேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இது கோர்ட் கேஸ் இல்ல. அது தினமும் கசியாது. ஒரு நாள் கசியலேன்னா சரியாப்போச்சுன்னு அர்த்தமா? ஒரு தடவை இருக்குன்னு வந்தா அடுத்தது குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற டெஸ்ட்தான். இன்னொரு தடவை குப்பி அனுப்பி இல்லேன்னு வந்தாலும் முதல் முடிவு அழியாது."

"அப்ப இரண்டாவதா அனுப்புறதுல நஷ்டம் ஒண்ணுமில்லையே?"

"நாள்தான் நஷ்டம் மாமா."

நான் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நீ வந்தாய். என் முடிவு மட்டும் போதாது, அந்த ஆய்வுக்கூடத்தின் நாணயத்தையும் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரே நாளில் இரண்டு பேருடைய குப்பிகள் போக வேண்டும். எது யாருடையது என்பது எனக்கு மட்டும் தெரிய வேண்டும். ஆராய்ச்சியில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். 4471, 4472 என்று இரண்டு ஒட்டுத்தாள் வந்திருந்தன. ஃப்ரிட்ஜ் கதவில் இடப்பக்கம் நான், வலப்பக்கம் நீ என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஒட்டுத்தாளை, குப்பிகளைக் கொடுத்தனுப்பும்போது ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அன்று பிற்பகல் நான் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில், உன் அண்ணி ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கீழே வைத்து, சோப்புப் போட்டுத் துடைத்து, திரும்ப அடுக்கிவிட்டாள். வெண்ணெய் அதன் இடத்துக்கு வந்தது. நாம் இருவரும் எந்த வரிசையில் வந்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. நான் கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு, உங்க ரெண்டு பேரு மூஞ்சியும் மாதிரி" என்றாள்.

முடிவு வந்தபோது 4471-இல் இரத்தம் இல்லை. 4472-இல் இருக்கிறது.

நிலவரம் இதுதான். 4472 என்னுடையது என்றால் எனக்கு இரண்டு ஆதாரமும் கிடைத்துவிட்டன. உன்னுடையது என்றால் உனக்கு ஒன்று, எனக்கு முதலில் வந்த ஒன்று, ஆளுக்கு ஒன்றாகக் கையில் இருக்கிறது. விஷயத்தை மருமகளிடம் சொன்னேன். நான் பார்த்த எந்தப் போலீஸ் அதிகாரியும் அந்தக் குரலில் பேசியதில்லை.

"மாமா, நீங்க ரிப்போர்ட்டரா, கடத்தல்காரரா? ஒரு ஆராய்ச்சிக்குள்ள புகுந்து நீங்க தனியா ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க! இதை எங்க மேடத்துக்கிட்ட நான் என்னன்னு சொல்வேன்?"

"உண்மையைச் சொல்லு."

"சொன்னா அவங்க சிரிப்பாங்க. அதுதான் பயமா இருக்கு."

பிறகு அவள் ஒரு தாளை எடுத்து நம் குடும்பத்தைப் படமாக வரைந்தாள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். அப்பா ஒரு சதுரம். அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. "என்ன வயசுல? எதனால?" என்று கேட்டாள். அறுபத்தொன்றில், வயிற்றுக் கோளாறு என்றேன். "என்ன கோளாறு மாமா?" என்றாள். கோளாறு என்றுதான் எழுதியிருந்தார்கள். யாரும் உள்ளே பார்க்கவில்லை. அந்தச் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதற்குக் கீழே இரண்டு சிறிய சதுரங்கள். எனக்கு அறுபத்தாறு, உனக்கு ஐம்பத்தொன்பது. இரண்டு சதுரமும் கேமரா டெஸ்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். போன வாரம் போனில் நான் சும்மா பேச்சுக்கு ஆஸ்பத்திரி என்ற சொல்லை எடுத்ததற்கே, "ஓடிக்கிட்டிருக்கிற வண்டியோட பானட்டை எவனாவது திறப்பானா அண்ணே? திறந்தா ஏதாவது ஒண்ணு கிடைக்கத்தான் செய்யும்" என்றாய். கிடைக்கத்தான் திறக்கிறார்கள். மொட்டாக இருக்கும்போதே கிடைத்தால் கேமரா போன வழியிலேயே ஒரு கம்பிக் கண்ணியை அனுப்பி நறுக்கிக்கொண்டு வந்துவிடுவார்களாம். வயிற்றைக் கிழிப்பதில்லை. வலிக்காமல் தூங்க மருந்து உண்டு. கஷ்டம் முந்தின நாள்தான். மூன்று லிட்டர் மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். அதில் எலுமிச்சை வாசனை என்று எழுதியிருக்கும், நம்பாதே. முதல் லிட்டரில் ஒன்றும் நடக்காது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பாய். இரண்டாவது லிட்டரில் அந்த நினைப்பு போய்விடும். அதன் பிறகு கழிப்பறைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதுகூட நேர விரயம். நான் இதையெல்லாம் ஆஸ்பத்திரித் துண்டறிக்கையிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் இருவருக்கும் பெயர் கொடுத்தாகிவிட்டது. நீ செவ்வாய் இரவே இங்கே வந்துவிட வேண்டும். புதன்கிழமை முழுக்க நாம் இருவரும் ஒரே கழிப்பறைக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். சின்ன வயதில் குளிக்கப் போட்ட சண்டையை அங்கே தொடரலாம்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. உன் கார்களின் பிரேக் பிடிக்கட்டும், உன்னிடம் கற்பவர்கள் அத்தனை பேரும் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கட்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அண்ணி வாங்கிப் படித்தாள். "உங்க தம்பிக்கு இருக்கலாம்னு பொய் சொல்லியா கூப்பிடுவீங்க? அந்த மனுஷன் வியாழக்கிழமை வரைக்கும் எப்படித் தூங்குவாரு?" என்றாள். அவள் சொல்வது சரி. ஆகவே மேலே உள்ளதில் சில திருத்தங்கள்.

அண்ணி ஃப்ரிட்ஜைத் துடைக்கவில்லை. குப்பிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. 4471 உன்னுடையது. 4472 என்னுடையது. எனக்கு இரண்டு ஆதாரமும் கிடைத்துவிட்டன. மருந்துத் தண்ணீரைப் பற்றி எழுதியது துண்டறிக்கையிலிருந்து அல்ல. போன திங்கட்கிழமை குடித்தேன். செவ்வாய்க்கிழமை பார்த்தார்கள். கண்ணியில் அடங்குகிற அளவைத் தாண்டியிருந்தது. துணுக்கு எடுத்து அனுப்பினார்கள், நேற்றுப் பதில் வந்தது. புற்றுநோய்தான். ஸ்கேனில் வேறு எங்கும் பரவவில்லை; சுவரைத் தாண்டவில்லை என்று தோன்றுகிறது, சீக்கிரமே பிடித்துவிட்டோம் என்கிறார் டாக்டர். நாள் முழுக்க இதையே பேசுகிற மருமகள் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளர்களை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை எட்டு மணி உனக்கு மட்டும்தான். குப்பியில் இல்லை என்று வந்தாலும், அப்பாவுக்கு அப்படி, அண்ணனுக்கு இப்படி என்றால் தம்பி பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எனக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

உண்மையை முதலில் எழுதினால் நீ பயந்து வராமல் இருந்துவிடுவாயோ என்று நினைத்துத்தான் பொய்யை எழுதினேன். கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை. இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்புகிறேன். எதை வேண்டுமானாலும் நம்பு. வந்துவிடு.