வெளுத்துப்போன மூன்று சேம்பிள்

நாச்சிமுத்து மெரூன் துணித்துண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நேற்றுப் பார்த்த மெரூன் இல்லை இது. ஓர் இம்மி வெளுத்திருந்தது.

வீரபாண்டிச் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக மாஸ்டர் அவர். ஜெர்மனிக்காரன் ஓகே செய்து அனுப்பிய நான்கு சேம்பிள்களைப் பார்த்துத்தான் அந்த சீசன் துணி முழுக்கச் சாயம் ஏற வேண்டும். யாரோ அசலை உருவிக்கொண்டு, போலியை வைத்துவிட்டார்கள். பெருமாநல்லூர்ப் போட்டிக் கம்பெனிக்கு இங்கே ஓர் ஆள் விலை போயிருக்கிறது. அப்படித்தான் அவருக்குப் பட்டது.

முதலில் மாட்டியவள் லேபைப் பெருக்கும் ராக்கம்மாள்.

"லைட் பாக்ஸத் தொட்டீங்களாங்க?"

"தூசி தட்டுனேன்யா. துணியத் தின்னுட்டா போயிட்டேன்?"

"கோவிச்சுக்காதீங்க. நாளைலிருந்து லேபுக்குள்ள வராதீங்க."

திருட்டுப் பட்டம் கட்டும்போதுகூட அவருக்கு 'ங்க' விட்டுப்போகாது.

லைட் பாக்ஸ் என்பது பலவித டியூப் வெளிச்சத்தில் நிறம் பார்க்கும் பெட்டி. சேம்பிள்கள் அதற்குள்தான் கிடக்கும். ராக்கம்மாள் வராததால் லேப் குப்பையானது. நீலமும் வெளுத்தது.

பெட்டிக்குக் கதவு போட்டுப் பூட்டினார். சாவியைத் தானே வைத்துக்கொண்டால் தன்மேலேயே சந்தேகம் வரும் என்று பயந்து, கெமிஸ்ட் குணாவிடம் கொடுத்தார். எம்.எஸ்ஸி. படித்தவன். அதிர்ந்து பேசாதவன்.

மறுநாள் பச்சை வெளுத்திருந்தது.

"குணா, சாவி உங்ககிட்டத்தானுங்களே இருந்துது?"

குணா கோபப்படவில்லை. ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டான்.

"சாய மூலக்கூறுங்கறது பல அணு கைகோத்து நிக்கறதுங்க. பெட்டியில யூவி டியூப் ஒண்ணு எரிஞ்சிட்டே இருக்குதுங்க. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அது பட்டா மூலக்கூறு கிளர்ச்சியாகி உதற ஆரம்பிக்கும். எந்தக் கை பலமில்லியோ, அது விட்டுப்போகும். மூலக்கூறு உடைஞ்சா நிறமும் போச்சுங்க."

"அப்ப திருடன்?"

"திருடனே இல்லீங்க. வெறும் வெளிச்சந்தான்."

நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்துவிட்டது. நேராகப் போய், எல்லோர் முன்னாலும் ராக்கம்மாளிடம் கைகூப்பினார். அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, "இனியாச்சும் நம்புங்கய்யா" என்றாள்.

திரும்பி வந்து குணாவின் தோளைத் தொட்டார். "உங்களப்போயி சந்தேகப்பட்டனே, கண்ணு. மிச்சம் அந்த ஊதா ஒண்ணுதான். அத என்ன பண்றது?"

"இருட்டுல வெக்கோணுங்க."

"இங்க எங்கீங்க இருட்டு? நீங்களே ஊட்டுக்குக் கொண்டுபோயி பீரோவுல வெச்சிருங்க."

குணா ஊதாவைக் கறுப்புக் கவரில் போட்டு, பைக்கில் கிளம்பினான். கேட் தாண்டும்வரை நாச்சிமுத்து கையசைத்தார். நான்கு நாளில் முதல் தடவையாக டீ ருசித்தது அவருக்கு.

பாதி கிளாஸ் குடித்திருப்பார். எலக்ட்ரீசியன் வேலுமணி நீளமான அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தான்.

"மாஸ்டர், லைட் பாக்ஸுக்கு யூவி டியூப் ஒருவழியா வந்திருச்சுங்க. பழசு பீஸ் போயி ஆறு மாசமாச்சுங்களே, இன்னிக்காவது மாட்டிப்போடறேன்."