போத்தல் மிஸ்ஸும் என் வலது காதும்

உலகத்தில் செய்யப்படும் ஜாம் போத்தல்கள் அத்தனையும் கடைசியில் வந்து சேரும் இடம் தன்னாமுனை என்று நான் அடித்துச் சொல்வேன். கொழும்பில் யாரோ ஒருவர் பாணுக்கு ஜாம் பூசித் தின்று முடித்தால், அந்தப் போத்தல் எப்படியோ உருண்டு உருண்டு வாவிக்கரையில் இருந்த எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்துவிடும். வந்ததைக் கழுவுவது நான். இந்தப் பத்தியை எழுதும் கை ஆறு வருடம் போத்தல் கழுவிய கை. வரிகளில் ஆங்காங்கே சவர்க்கார மணம் அடித்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போத்தல்களின் சொந்தக்காரி ஒரு தாவரவியலாளர். முழுப் பெயரும், அதற்குப் பின்னால் ரயில் பெட்டிபோலப் பட்டங்களும் அவருக்கு இருந்தன. ஊருக்கு அவர் போத்தல் மிஸ். ஐம்பதைத் தாண்டியவர், மெலிந்தவர், எதற்கும் அவசரப்படாதவர். ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயிலில் ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் ஒருவரை ஒருவர் சுகம் விசாரிப்பார்கள். இவர், "வீட்டில வெறும் போத்தல் இருக்கா?" என்று விசாரிப்பார்.

காட்டில் அழிந்துகொண்டு வரும் மருந்துச் செடிகளைப் போத்தலுக்குள் பெருக்குவது அவருடைய தொழில். செடியின் கொழுந்தில் கடுகளவு வெட்டி, சீனியும் உப்புகளும் கலந்த கடற்பாசிக் களியில் குத்திவைத்தால், போத்தலுக்குள்ளேயே அது குட்டிச் செடியாகும். அதை வெட்டி நாலாக்கலாம், நாலை நாற்பதாக்கலாம். நிபந்தனை ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணத் துகள்கூட உள்ளே போகக் கூடாது. போனால் சீனிக் களியைக் கண்ட சந்தோசத்தில் மூன்று நாளில் போத்தலை நிறைத்து, செடியைத் தின்றுவிடும்.

நான் உண்மையில் எழுதுவினைஞர் வேலைக்குத்தான் மனுப்போட்டிருந்தேன். நேர்முகத்தில் போத்தல் மிஸ் என் சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை.

"தம்பி, மூச்சு விடாம எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

"ஒண்டரை நிமிஷம் மிஸ். வாவியில முக்குளிச்சு வளந்த ஆள் நான்."

"காணும். நாளைக்கு வாங்க."

எனக்கு நீந்தவே தெரியாது. முழங்காலுக்கு மேல் வாவித் தண்ணீர் வந்தால் அம்மாவைக் கூப்பிடும் ஆள் நான். ஆனாலும் வேலை கிடைத்துவிட்டது.

அந்த வருடம் மிஸ்ஸின் உயிர் ஒரு செடியில் இருந்தது. சர்ப்பகந்தி என்று பெயர். இடுப்பளவு உயரம், வெள்ளைப் பூ, சிவப்புக் காம்பு. இரத்த அழுத்தத்துக்கும் பைத்தியத்துக்கும் நாட்டு வைத்தியர்கள் தேடும் வேர். தேடித் தேடியே அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். பாசிக்குடாவில், ஹோட்டல் கட்ட விட்டிருந்த ஒரு பற்றைக் காணிக்குள் ஒற்றைச் செடியாக அது நிற்பதை மிஸ் கண்டுபிடித்தார். "கிழக்கில எனக்குத் தெரிஞ்சு இது ஒண்டுதான் தம்பி" என்று அவர் சொன்னபோது, கோயிலில் பேசுவதுபோல் குரல் தாழ்ந்திருந்தது. நான் அந்தச் செடியின் மேல் சாய்ந்துகொண்டு செருப்பில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

காணிக்காரரிடம் கேட்டு, ஐஸ்கிரீம் பெட்டியில் பத்துக் கொழுந்து வெட்டி வந்தோம். மிஸ் கொழுந்துகளைக் கழுவினார், வெட்டினார், குத்தினார். போத்தல்களைத் திறந்து நீட்டுவதும் மூடுவதும் என் பொறுப்பு. மூன்றாம் நாள் பத்துப் போத்தலும் பச்சைப் பூஞ்சணத் தாடி வளர்த்து நின்றன.

திரும்பவும் போய் ஆறு கொழுந்து வெட்டினோம். அந்த ஆறும் தாடி வளர்த்தன. முதல் தடவை பச்சை. இந்தத் தடவை அதில் கறுப்பும் கலந்திருந்தது. செடியில் இன்னும் மூன்றே கொழுந்து மீதம்.

மிஸ் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, கோவிக்கப்படா. கதிரையில இருங்க."

பஞ்சுக் குச்சிகளை எடுத்து வந்து என் உடம்பில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். விரல், நகம், தலைமயிர், சட்டைப் பை, இடது காது, வலது காது, மூக்கு, மீசை. ஒவ்வொரு குச்சியையும் ஒவ்வொரு கண்ணாடித் தட்டில் இருந்த களியில் தேய்த்து மூடி, மேலே அழகான கையெழுத்தில் எழுதினார்: "தம்பி – வலது காது." "தம்பி – மீசை."

அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. நான்காம் நாள் தட்டுகள் வரிசையாக மேசையில் இருந்தன. என் விரல் சுமார். இடது காது பரவாயில்லை. வலது காதில் பஞ்சு மெத்தைபோல ஒன்று படுத்திருந்தது. மீசைத் தட்டைப் பார்த்ததும் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டார்.

"அம்மாடி! என்ர வாழ்க்கையில இப்பிடி ஒரு மீசை நான் காணல்ல."

அவர் குரலில் இருந்தது கோபமில்லை, பெருமை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்தால் அந்தத் தட்டுகளைத்தான் முதலில் காட்டுவார். ஒரு பிள்ளை என் வலது காதைப் படம் எடுத்துக்கொண்டுபோனது. அந்தக் காதின் சொந்தக்காரன் பக்கத்திலேயே போத்தல் கழுவிக்கொண்டு நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

தட்டுகளைக் கண்ட அன்று பின்னேரமே மீசையை எடுத்துவிட்டேன். பத்து வருடம் எண்ணெய் பூசி வளர்த்த மீசை. அதற்குப் பிறகு மூன்றாம் தடவை பாசிக்குடாவுக்குப் போய், மீதமிருந்த மூன்று கொழுந்தையும் கொண்டுவந்தோம்.

இதற்கிடையில் வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழைச்சேனைப் பெண். தகப்பனார் கடதாசி ஆலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். மாப்பிள்ளை வேலைசெய்யும் இடத்தை நேரில் பார்க்காமல் சம்மதம் சொல்ல மாட்டார் என்ற தகவல் எனக்குத் தெரியாது. ஒரு காலையில் கையில் என் புகைப்படத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"இந்தப் படத்தில இருக்கிற பொடியன் இஞ்சயா வேல?"

"நான்தான் ஐயா."

படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"மீச எங்க?"

நான் வாயைத் திறக்குமுன் உள்ளே இருந்து மிஸ், "மீச இந்தா இருக்கு" என்று தட்டைத் தூக்கிக் காட்டினார்.

மிஸ்ஸுக்கு வந்தவர் யாரென்று தெரியாது. ஆர்வத்தோடு வந்த பார்வையாளர் என்று நினைத்து, வருங்கால மாமனாருக்கு என் உடம்பை நகத்திலிருந்து காதுவரை தட்டுத் தட்டாகச் சுற்றிக் காட்டினார். மனுசன் வலது காதுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார். கடைசியில் மெதுவாக, தான் வந்த விசயத்தைச் சொன்னார்.

மிஸ் கையில் இருந்த தட்டை மேசையில் வைத்தார். பிறகு நிமிர்ந்து நின்று, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல் சொன்னார்.

"ஐயா, இதில இருக்கிறதெல்லாம் எல்லார் உடம்பிலயும் இருக்கிற சாமான்தான். நோய்க் கிருமி ஒண்டும் இல்ல. நான் ஒவ்வொண்டையும் பாத்திருக்கன். இந்த இலங்கையில காதுவரைக்கும் சோதிச்ச மாப்பிள்ள வேற எங்கயும் எடுக்க ஏலாது."

மாமா சிரித்தே விட்டார். "எல்லாரும் மாப்பிள்ளையில இருக்கிறத மறைப்பாங்க. இவடத்தில பேர் எழுதி வெச்சிருக்கிறாங்க" என்று வீட்டில் போய்ச் சொன்னாராம். அடுத்த மாதம் கலியாணம். எங்கள் பக்கத்து வழமைப்படி நான் பெண் வீட்டோடு போய் வாழைச்சேனைக்காரன் ஆனேன். கலியாணப் படத்தில் மீசை இல்லாமல் யாரோபோல நிற்கிறேன்.

நான் மாப்பிள்ளை லீவில் இருந்த நாட்களில், மூன்று கொழுந்தில் இரண்டு வாடிப்போயின. வேலைக்குத் திரும்பிய அன்று, தாய்ச் செடி மறுபடியும் தளிர்விட்டிருக்கும், இன்னும் கொஞ்சம் வெட்டி வருவோம் என்று மிஸ் என்னைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போனார். காணி வெளிச்சமாக இருந்தது. பற்றை முழுவதையும் இயந்திரம் வழித்து ஒரு மூலையில் குவித்திருந்தது. மிஸ் அந்தக் குவியலைச் சுற்றி நடந்தார். ஒரு காய்ந்த கொப்பை இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ஐஸ்கிரீம் பெட்டி திறக்கப்படாமலே கையில் இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் அந்த வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பதினாறு கொழுந்தைப் பாழாக்கியது என் மீசைதான்.

"மிஸ், என்ன வேலையால நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டினா போத்தல் ஆர் கழுவுற?" என்றார். சற்றுக் கழித்து, "ஒரு போத்தல் இருக்குத்தானே தம்பி" என்றார். அதை எனக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா தெரியாது.

அந்த ஒரு போத்தலை ஒரு வருடத்துக்குமேல் வெட்டி வெட்டி நாற்பதாக்கினார். நோன்புப் பெருநாளுக்கு இனிப்புச் செய்யும் அதே கடற்பாசிதான் களிக்கும்; முடிந்தால் கடைகடையாக ஏறி வாங்குவோம். "பெருநாள் வர முந்தியே துவங்கிட்டீங்களா மிஸ்?" என்று கடைக்காரர் கேட்பார். "ஓம், எனக்குத் தினமும் பெருநாள்" என்பார் மிஸ்.

அப்போதுதான் நாடு முழுக்க மின்சாரம் மணிக்கணக்காக நிற்கத் தொடங்கியது. போத்தல்கள் இருந்த அறை குளிராக இருக்க வேண்டும், அது அடுப்படியாகியது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. மிஸ் விசிறியால் போத்தல்களுக்கு விசிறிக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிட அனுமதியில்லாததால் வெளியே நின்றேன். வெளியே நின்றவனுக்குத்தான் வழி தோன்றியது. என் மாமனாரின் கூட்டாளி ஒருவர் வாழைச்சேனைத் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் மனேச்சர். மீனுக்கு ஐஸ் இல்லாவிட்டால் துறைமுகமே நாறிவிடும் என்பதால் அங்கே டீசல் கொஞ்சம் கிடைத்தது.

நாற்பது போத்தலையும் பெட்டியில் அடுக்கி, என் மடியில் வைத்து, ஆட்டோவில் கிளம்பினோம். "சாயப்படா, இருமப்படா, கதைக்கப்படா" என்பது கட்டளை. வழியில் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். பெட்டி நிறையப் போத்தல் கொண்டுபோனால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"போத்தலுக்குள்ள என்ன?"

"புள்ளைகள்" என்றார் மிஸ்.

பொலிஸ்காரர் இரண்டடி பின்னால் போனார். பிறகு ஒரு போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய தாய்க்கும் இரத்த அழுத்தமாம். பதினைந்து நிமிடம் மிஸ் அவருக்கு விளக்கம் சொல்ல, நான் வாய்மூடி, வியர்த்து, தும்மலை விழுங்கிக்கொண்டு இருந்தேன். கடைசியில் அவரே கைகாட்டி வீதியை ஒதுக்கி எங்களை அனுப்பினார்.

மனேச்சரின் அறையில், மீன் மணத்துக்கு நடுவில், டியூப் லைட் வெளிச்சத்தில் அந்தப் பிள்ளைகள் மழைக்காலம்வரை இருந்தன. "மிஸ், இதுகளுக்கு மீன் மணம் புடிக்காதா?" என்று மனேச்சர் கேட்டார். "அதுகளுக்கு மூக்கில்ல. தம்பிக்கு இருக்கு, அதுதான் பிரச்சின" என்றார் மிஸ். நாற்பதில் ஐந்தைப் பூஞ்சணம் பிடித்தது. ஆட்டோவில் என் முகத்தின் பக்கம் இருந்த வரிசை அது என்று சொல்லத் தேவையில்லை.

மீதியைப் போத்தலிலிருந்து மண்ணுக்கு மாற்றியபோது இன்னும் சில செத்தன. பிழைத்தவை வேர்விட்டன. அவற்றிலிருந்து இன்னும் பெருக்கி, மிஸ் ஒவ்வொன்றாக ஊருக்குக் கொடுத்தார். வைத்தியர்கள், பள்ளிக்கூடங்கள், கோயில் வளவுகள், வீடுகள். "ஒரே இடத்தில வெச்சா ஒரே நாளில போயிரும்" என்பார். வைத்தியர் சொல்லாமல் யாரும் வேரில் கைவைக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்குவார். ஒரு பெரிய பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, வருடத்துக்கு இரண்டு தடவை தானே போய்ப் பார்த்து, "உண்டு" அல்லது "இல்லை" என்று எழுதுவார். சுவாமியார் ஒருவர் வளர்த்த செடி செத்தபோது, "இல்லை" என்று அவர் முன்னாலேயே எழுதினார். பாடசாலை அதிபர் ஒருவர் "அடுத்த கிழமை தளிர்க்கும் மிஸ்" என்று கெஞ்சியும் அசையவில்லை.

எனக்கும் ஒன்று தந்தார். வாழைச்சேனை வீட்டு முற்றத்தில் நட்டேன். பதினாறு கொழுந்துக்கும் ஐந்து போத்தலுக்கும் பரிகாரமாக இதை மரமாகவே வளர்த்துக் காட்டுவது என்று தீர்மானித்து, பாசம் மிகுந்து ஒரு பிடி யூரியா போட்டேன். பாசம் அடங்காமல் இன்னொரு பிடியும் போட்டேன். ஐந்தாம் நாள் செடி கருகி நின்றது.

அடுத்த கிழமை மிஸ் பதிவேட்டோடு வருகிறார் என்று தகவல். நான் அயல் வீட்டு வேலியோரம் நின்ற நித்தியகல்யாணி ஒன்றைப் பிடுங்கி வந்து அதே குழியில் நட்டேன். இலை தூரத்தில் ஒரு மாதிரி ஒத்துப்போகும். பூத்தால் குழந்தைப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும் என்பதால் பூ, மொட்டு எல்லாவற்றையும் கிள்ளி எறிந்தேன். என் மனைவி வாசலில் நின்று, "ஆருக்கு இந்த விளையாட்டு? அவ செடி படிச்ச மனிசி" என்றாள். "பேசாம தேத்தண்ணி ஊத்து" என்றேன்.

மிஸ் வந்தார். செடிக்கு முன்னால் குந்தினார். நான் பின்னால் நின்று, தானாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இலைகளுக்கு அடியில் நான் காணாமல் விட்ட மொட்டு ஒன்று, அந்த வெயிலில், ரோஸ் நிறத்தில் பளீரென்று விரிந்திருந்தது.

மிஸ் அதைப் பார்த்தார். மண்ணைக் கொஞ்சம் கிள்ளி விரலில் உரசிப் பார்த்தார். பிறகு அந்தப் பூவை மெதுவாகப் பறித்து என் மனைவியிடம் நீட்டினார்.

"புள்ள, இத சாமிப் படத்துக்கு வையுங்க."

எழுந்து வந்து தேநீர் குடித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். போய்விட்டார்.

திங்கட்கிழமை போனபோது, நான் போத்தல் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் புதுச் சர்ப்பகந்தி இருந்தது. குச்சியில் ஒரு துண்டுக் கடதாசி: "யூரியா வேண்டாம்."

அன்று பின்னேரம் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் வேலை எனக்கு. சுவாமியாருக்கு "இல்லை". அதிபருக்கு "இல்லை". என் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மிஸ், இவடத்தில என்ன போட?"

அவர் தலையைத் தூக்காமலே, "அத விடுங்க, தம்பி" என்றார்.

பொய் எழுத அவருக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் ஒரு போத்தலைக்கூட எண்ணிக்கையில் தவறவிடாத மனிசி, எனக்காக ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்.